மலைக்கோச்சியும் பொப் பாட்டும்

நாவலப்பிட்டி நிலையத்தில் கோச்சி நின்றதும் இறால் வடைக் கூடையோடு ஏறியவர், ஊர்ப் பெருமையைத்தான் முதலில் எடுத்து வைத்தார்: "எம்.ஜி.ஆர். பொறந்த ஊருங்க இது." கண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கோத்தகிரிக்காரருக்கு அது போதும். 1917-இல் இங்கே பிறந்து சிறு வயதிலேயே கடல் கடந்துபோன அந்த மனிதருக்காக டி.எம்.சௌந்தரராஜன் பாடிய பாட்டு ஒன்றைக் கைபேசியில் மெல்ல ஓடவிட்டார். இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த ஆத்தா ஒருவர், அடுத்த வரியைப் பாட்டு வந்து சேர்வதற்கு முன்பே பாடி முடித்தார்.

கோத்தகிரிக்காரர் ஐம்பதைக் கடந்த பாட்டு ரசிகர். அவருடைய அப்பா பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 1970-களில் குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு உருவாக்கிய தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்தோடு வாழ்ந்து முடித்தவர். மகன் தேயிலையை விட்டு வெளியே வந்துவிட்டார். அப்பாவின் வானொலியை மட்டும் விடவில்லை. அந்த வானொலி பழக்கிய பாட்டுகளும், அதற்குப் பின் தானே தேடிப் பிடித்த பாட்டுகளுமாக ஒரு நீண்ட பட்டியல் அவர் கைபேசியில் இருக்கிறது. அதில் கணிசமானவை இலங்கையில் பிறந்தவை. அவற்றை இந்த மலையில் வைத்துக் கேட்க வேண்டும், இங்கே தன்னைப் போல ஒரு கிறுக்கு இருந்தால் பட்டியலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே வந்திருந்தார்.

மாற்றிக்கொள்ள ஹட்டன்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 'பொடி மெனிக்கே'யின் மூன்றாம் வகுப்பில், கதவடியில் நின்ற சிங்கள இளைஞர்கள் வட்டவளை ஏற்றத்தில் பைலா தொடங்கிவிட்டார்கள். ஒருவர் கையில் றபான். மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தலும் பெட்டியின் தகரச் சுவருமே வாத்தியம். ஆறெட்டுத் தாளம். போர்த்துக்கேயர் காலத்தில் கரையோரத்தில் ஊன்றிய ஆட்டப் பாட்டு அது. அதைச் சிங்களத்தில் ஊருக்கெல்லாம் பொதுவாக்கிய வொலி பஸ்தியன் பொலிஸ் உத்தியோகத்தில் இருந்தவர். அந்தத் தாளத்தைக் கேட்டபின் உட்கார்ந்திருக்க மனம் வராது. கோத்தகிரிக்காரர் எழுந்து அவர்கள் பக்கம் போனார். சிங்களம் தெரியாதவர், தாளத்தால் பேசினார்.

பைலா ஓய்ந்ததும் அந்தக் கூட்டம் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் பாட்டுக்கு மாறியது. 1960-களின் நடுவில் அன்னெஸ்லி மாலேவனவோடு 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவைத் தொடங்கி, மின்கித்தாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் கிளாரன்ஸ். அவர் பிறந்ததும் மலையில்தான். இதே தண்டவாளம் போய்த் தொடும் ஹப்புத்தளையில். மலைநாட்டுத் தேயிலையைச் சுற்றிச் சிங்களத்திலும் பாட்டு வளர்ந்தது என்பதற்கு அவரே போதும். ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் அவர் பாட்டைவிட அதிகம் ஒலித்தது அதே காலத்தில் தமிழில் வந்த பொப்.

தமிழ்ப் பொப்பின் கதையை நித்தி கனகரத்தினத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரர், அம்பாறையில் படித்துக்கொண்டிருந்த 1960-களின் பிற்பகுதியில், நண்பர்களுக்காகக் கித்தாரோடு பாடத் தொடங்கியவர். 'சின்ன மாமியே' அப்படிப் பிறந்தது. மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் ஒரு குறும்புப் பேச்சு, பைலாத் தாளத்தில், யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்துத் தமிழில். மேடைக் கச்சேரித் தமிழும் சினிமாத் தமிழும் மட்டுமே பாட்டுக்கு உரியவை என்று நினைத்திருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி, இளைஞர்களுக்கு விடுதலை. கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று குடிகாரனுக்குப் புத்தி சொல்லும் அவருடைய இன்னொரு பாட்டு, தோட்டங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதற்கான காரணத்தைத் தோட்டத்துப் பெண்களைக் கேட்டால் நீண்ட நேரம் சொல்வார்கள்.

ஏ.ஈ.மனோகரன் அந்தப் பாதையைப் பெருந்தெருவாக்கினார். 'சுராங்கனி' சிங்களப் பாட்டு; காதலிக்கு மீன் கொண்டுவந்த கதை. மனோகரன் அதை இலங்கையைத் தாண்டிக் கொண்டுபோனார். தமிழகத்தில் அவர் 'சிலோன் மனோகர்' ஆனார். 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா அந்த மெட்டைத் தமிழுக்கு எடுத்துக்கொண்ட பிறகு, அதன் ஊர் எது என்று கேட்பாரே இல்லாமல் போயிற்று. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அந்தச் செய்தி வந்த நாளில் கோத்தகிரியில் ஒரு தேநீர்க் கடையில் சுராங்கனியைத் தொடர்ந்து நாலைந்து முறை போட்டார்களாம். போடச் சொன்னவர் நம் ரசிகர்தான்.

ஹட்டன் நிலையத்தில் இறங்கி மேலே ஏறினால் கடைத்தெரு. மழை தூறிக்கொண்டே இருக்கும் ஊர். மரக்கறிக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு கடை. வெளியே 'ரீலோட்' அட்டை, உள்ளே கைபேசி உறைகள். இந்தக் கடை முப்பது ஆண்டுகளுக்கு முன் ரெக்கோடிங் பாராக இருந்தது. உரிமையாளர் அறுபதைக் கடந்தவர். பின்சுவர் அலமாரியில் கசெட்டுகளை அவர் இன்னும் தூக்கிப் போடவில்லை. பாட்டுப் பைத்தியம் ஒருவர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பிளேன்டீ வரவழைத்தார்.

"தீபாவளி அட்வான்ஸ் குடுத்த மறுநாள் பாக்கணும் தம்பி. வாசல்ல நிக்க எடம் இருக்காது" என்றார் கடைக்காரர்.

தோட்டத்துப் பையன்கள் கொப்பித் தாளில் பாட்டுப் பட்டியலை எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிடக் கசெட் ஒன்று, காசு கூட இருந்தால் தொண்ணூறு. முதல் பக்கத்தில் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள், அது அம்மாவுக்கு. மறுபக்கத்தில் மனோகரனும் நித்தியும், பின்னால் இளையராஜாவும், அதற்கும் பின்னால் ரகுமானும். ஒரே கசெட்டில் கோயில் திருவிழாவும் கல்யாண வீடும் அடங்கிவிட வேண்டும். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வர வேண்டும் என்பதில் இவருக்கு நிகர் இல்லை என்று ஹட்டனில் பேர் வாங்கியவர். இப்போது அதே வேலையை பஸ்காரர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் பென்டிரைவில் செய்துகொடுக்கிறார். வரிசைபோடும் கலை அவர் கையைவிட்டுப் போகவில்லை.

கசெட்டுக்கு முன்னால்? வானொலிதான். 1925-இல் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, பின் 'ரேடியோ சிலோன்' என்று ஆசியா முழுக்க அறியப்பட்டு, 1967-இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. அதன் தமிழ்ச் சேவையின் குரல்களை மலையகம் வீட்டு மனிதர்களாகவே வைத்திருந்தது: எஸ்.பி.மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத். காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறகு நேயர் விருப்பம், பிறந்தநாள் வாழ்த்து. மின்சாரம் வராத லயங்களில் பட்டரி டிரான்சிஸ்டர். ஒரு காம்பராவில் பாடினால் பத்துக் காம்பராவுக்கும் கேட்கும். லயத்துச் சுவர்கள் அப்படி. நேயர் பெயர்களோடு தோட்டத்துப் பெயரும் வானொலியில் வந்துவிட்டால், மறுநாள் மலையில் கொழுந்தெடுக்கும்போது அதுவே பேச்சு.

கோத்தகிரிக்காரர் இந்த இடத்தில் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். நீலகிரிக்குப் போன பிறகும் அவர் அதே வானொலியைத்தான் வைத்தார். தமிழ்நாட்டிலும் தெளிவாகக் கேட்ட ஒலிபரப்பு அது. பாட்டுகளைவிட அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது பெயர்கள் வாசிக்கப்படும் நேரத்துக்கு. பழைய தோட்டத்துப் பெயர் எப்போதாவது வரும். வந்த நாளில் ஒரு கிளாஸ் தேத்தண்ணி கூடுதலாகக் குடிப்பார்.

கடைக்காரர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கசெட் அலமாரியைக் காட்டிச் சொன்னார்: "இதுல யாழ்ப்பாணத்துப் பாட்டு இருக்கு, கொழும்புப் பாட்டு இருக்கு, மெட்ராஸ் பாட்டு இருக்கு. நம்ம பாட்டு எங்க? கேட்டதெல்லாம் நாமதான். நம்மள யாரும் ரெக்கோட் பண்ணல."

அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. மலையகத்தில் பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. விடியலில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்புப் பறை அடித்தார்கள். காமன் கூத்துக்கும் அதே தப்பு, சாவுக்கும் அதே தப்பு. தொழிற்சங்க முன்னோடி கோ.நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள், தோட்டத்து மக்களின் துயரத்தைத் தாமே பாட்டாக எழுதிக் கூட்டங்களில் பாடினார். அவை 1940-இல் நூலாகவும் வந்தன. மடக்கொம்பரையில் பிறந்த கவிஞர் சி.வி.வேலுப்பிள்ளை வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983-இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என வெளியிட்டார். தொழிற்சங்கத் தலைவர் வி.பி.கணேசன் 1975-இல் தோட்டத்து வாழ்க்கையை வைத்து 'புதிய காற்று' படத்தை எடுத்தார். எழுத்தில் இருக்கிறது, படத்தில் இருக்கிறது. ஆனால் இசைத்தட்டிலும் கசெட்டிலும், பஸ்ஸில் போட்டுக் கேட்கும் பாட்டில் மலையகத்தின் குரல் இல்லை. ஆறெட்டுத் தாளத்தில் ஊரே ஆடிய காலத்தில், அந்தத் தாளத்துக்கு ஆடிய தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் எந்த நாட்டின் குடிமக்கள் என்பதே தீர்மானமாகாமல் இருந்தது.

1948-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு போட்டது. மீதி இருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். போக வேண்டியவர்கள் இந்த ஹட்டன் நிலையத்திலும் சுற்றுப்புற நிலையங்களிலும் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறினார்கள். ஏறுபவர்களும் நிற்பவர்களும் கட்டிப்பிடித்து அழுததால் அதற்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் விழுந்தது. மலையக எழுத்தாளர் மு.சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் பெயரும் அதுவே.

இப்போது கோத்தகிரிக்காரர் தன் பட்டியலில் மிகவும் பத்திரமாக வைத்திருந்த பாட்டை எடுத்தார். கடைக்காரர் அதைப் பலநூறு முறை கேட்டிருப்பார். பென்டிரைவுகளில் ஏற்றியும் கொடுத்திருப்பார். 'எஞ்சாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வந்தது. எழுதிப் பாடியவர் தெருக்குரல் அறிவு. உடன் பாடியவர், இலங்கைத் தமிழ் வேர்கொண்ட தீ. தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். சுயாதீனக் கலைஞர்களுக்காக ஏ.ஆர்.ரகுமானின் துணையோடு தொடங்கிய 'மாஜா' தளம் வெளியிட்ட முதல் பாட்டுகளில் ஒன்று. பல கோடி முறை பார்க்கப்பட்டது. தமிழ் தெரியாதவர்களும் ஆடினார்கள்.

அந்தப் பாட்டின் வேர் இந்த மலையில் இருக்கிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, ஒப்பந்தத்துக்குப் பின் கையில் ஒரு துண்டு நிலம்கூட இல்லாமல் இந்தியாவுக்குத் திரும்பிய குடும்பம். காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியவர்களுக்கு மண்ணில் பங்கு இல்லை என்ற பேச்சை அறிவு பாட்டியிடமிருந்தே எடுத்தார். ஆட்டத்துக்கான தாளத்தின் நடுவே ஒப்பாரி எழுந்து வருவது அதனால்தான். காணொளியில் வள்ளியம்மாளே வந்து அமர்ந்திருக்கிறார்.

மலையகம் அறுபது ஆண்டுகள் மற்றவர்களின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் சொந்தக் கதை, நாடு கடத்தப்பட்ட ஒரு குடும்பத்தின் பேரன் வாய்வழியாக, அறிவின் ஊரான அரக்கோணத்தைச் சுற்றி ஹட்டனுக்கு வந்து சேர்ந்தது. தமிழ்ப் பொப்பின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்வு ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டைப்படத்தில் அறிவின் முகம் விடுபட்டபோது எழுந்த கோபமும் நியாயமானது. இயக்குநர் பா.ரஞ்சித் அதை வெளிப்படையாகக் கேட்டார். இதழும் பின்னர் அறிவை அட்டையில் போட்டது. உழைத்தவர் பெயர் கடைசியில் வருவதையோ வராமலே போவதையோ தோட்டத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கடைக்காரர் நினைவுபடுத்தினார். பாட்டு வந்த அதே மார்ச் மாதத்தில்தான், ஆண்டுக்கணக்கில் போராடிக் கேட்ட 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. சம்பளத்தோடு எடையும் ஏறியது. முழுப்பேர் என்ற முழுநாள் சம்பளத்துக்குப் பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ கொழுந்து, குறைந்தால் அரைப்பேர். "அந்தப் பாட்ட கேட்டுக்கிட்டுத்தான் எங்க பிள்ளைக கொழுந்து நிறுத்தாங்க" என்றார்.

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ். ஓட்டுநரின் பென்டிரைவ் கடைக்காரர் நிரப்பிக் கொடுத்தது என்பதால் பயணம் முழுக்க அவருடைய வரிசை. கொட்டகலை தாண்டும்போது இளையராஜா. அவரும் தேயிலை மலைகளுக்கு அந்நியர் அல்லர்: 1958-இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலுக்காக அண்ணன் பாவலர் வரதராசன் தோட்டம் தோட்டமாகப் பாடியபோது கூடப் போன சிறுவன் அவர். டெவன் அருவியையும் செயின்ட் கிளேயர் அருவியையும் பஸ் கடக்கையில் யொஹானியின் 'மெனிக்கே மகே ஹிதே' வந்தது. சதீஷனும் யொஹானியும் பாடி 2021-இல் இந்தியா முழுக்கப் பரவிய சிங்களப் பாட்டு. பஸ்ஸில் இருந்த தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு சொல் பிசகாமல் தெரிந்திருந்தது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துப் பலகை, கொழுந்துப் படங்குகளோடு லொறிகள், கொழும்பு ராப் பாடகர் கிரிஷான் மகேசனின் பழைய பாட்டு. லண்டன் தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ.யின் 'பேப்பர் பிளேன்ஸ்' வந்ததும் நடத்துநர் அடுத்த பாட்டுக்குத் தாண்டிவிட்டார். கோத்தகிரிக்காரருக்கு அதில் மட்டும் வருத்தம். அந்தப் பாட்டுக்காகவும் வாதாடக்கூடியவர் அவர்.

நுவரெலியா நகரத்தில் சொல்ல அதிகம் இல்லை. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர், குதிரைப் பந்தயத் திடல், ஏப்ரல் வசந்தத்துக்கு வரும் கூட்டம். பாட்டு இருந்தது நகரத்துக்கு வெளியே, ஒரு தோட்டத்து லயத்தின் முற்றத்தில். கடைக்காரர் தொலைபேசியில் சொல்லிவைத்த நாலு பையன்கள் அங்கே இருந்தார்கள். ஒருவர் கொழும்பில் துணிக்கடை வேலை, விடுமுறையில் வந்தவர், மற்றவர்கள் படிப்பவர்கள். கைபேசியில் தாளக்கட்டு அமைத்து, அதன்மேல் ராப் பாடி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே படம் பிடித்துப் போடுகிறார்கள். மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த நடைபயணம்தான் முதல் பாட்டை எழுதவைத்ததாம். அதே ஆண்டு புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி சென்னைத் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டி மேடையில் நின்றாள். பட்டத்தை வென்றது யாழ்ப்பாணத்துச் சிறுமி. ஆனாலும் இந்த லயத்தில் அந்த நிகழ்ச்சியைத் தவறவிட்ட வீடு இல்லை.

கோத்தகிரிக்காரர் தன் பட்டியல் முழுவதையும் அவர்கள் கைபேசிக்கு அனுப்பினார். அவர்கள் தங்களுடைய மூன்று பாட்டுகளை இவருக்கு அனுப்பினார்கள். மூன்றாவதை அவர் இரண்டு முறை கேட்டார். தாளக்கட்டில் இருந்த தப்புச் சத்தம் கணினியிலிருந்து எடுத்தது என்று கண்டுபிடித்துக் கேட்டும் விட்டார்.

"நெசத் தப்பு வேணும்ணே, ஆனா அடிக்கிற தாத்தாவுக்குத் தோதுப்படணும்" என்றார் கொழும்பு வேலைக்காரப் பையன். தோலை நெருப்பில் காய்ச்சாமல் தாத்தா தப்பைத் தொடமாட்டார். மழையில் நெருப்பு மூட்ட இடமில்லை. வார நாளில் அவருக்கு மலையில் வேலை. கோயில் மண்டபத்தின் பின்பக்கம் ஞாயிற்றுக்கிழமை பகல் காலியாக இருக்கிறது என்று பூசாரி சொல்லியிருக்கிறார். விறகுக்குக் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு இருக்கிறது. ஒலிவாங்கி மட்டும் இல்லை. ஹட்டன் கடைக்காரர் கசெட் காலத்தில் வாங்கிய ஒன்று இன்னும் வேலை செய்கிறதாம்; சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.